வன்தட்டில் ஒரு வரப்பு



உழவர் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடையான நெல் வீடு வந்து சேர்ந்ததும், உண்பதற்குரியதைக் குதிரில் கொட்டுவர்; விதைக்குரியதைக் கோட்டை கட்டித் தனியே வைப்பர். உண்ணும் நெல் தீர்ந்தால் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். கைக்கு வாய்த்த விதைநெல் போய்விட்டாலோ, அதே இனத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பருவம் தவறிவிடும். எளிதில் மீண்டும் கிடைப்பதையும் கிடைக்காததையும் ஓரிடத்தில் கலந்து வைக்கலாகாது என்பதே அவர்கள் கொண்ட நெறி. இந்நெறியைக் கணிப்பொறிக்குள்ளும் கைக்கொள்வது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கணிப்பொறிக்குள் நாம் சேர்த்து வைப்பவை யாவும் வன்தட்டு என்னும் உறுப்பில் தங்குகின்றன. ஆங்கிலத்தில் ஹார்டு டிஸ்க் என்பர். அதில் இரு வகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்குதளமும் அதன்மேல் நாம் நிறுவிக்கொண்ட செயலிகளும். மற்றொன்று, நாமே எழுதிய கடிதங்கள், எடுத்த படங்கள், பதிவு செய்த குரல்கள், வீட்டுக் கணக்குகள். முதல் வகை பழுதுபட்டால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். இரண்டாம் வகையை உலகில் வேறு எவரிடமும் பெற இயலாது.

இதனை நான் நூலில் படித்து அறிந்தேனல்லேன்; இழந்து அறிந்தேன். பணி ஓய்வுக்குப் பின், நான் தலைமை வகித்த பள்ளியின் பழைய மாணவர், ஆசிரியர் ஆகியோருடைய நினைவுரைகளைத் தொகுக்கத் தொடங்கினேன். எண்பது வயதைக் கடந்த பெரியோர் பலர் மனமுவந்து பேசினர். அவர்கள் குரலைப் பதிவு செய்தும், கேட்டுத் தட்டெழுதியும் மூன்றாண்டுகள் உழைத்தேன். ஒரு மழைக்கால மாலையில் கணிப்பொறி இயங்க மறுத்தது. பழுது பார்க்க வந்த இளைஞர், இயக்குதளத்தை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவவேண்டும் என்றார். "சார், உங்கள் ஃபைல்கள் எல்லாம் 'டி'-யில்தானே இருக்கின்றன?" என்றும் கேட்டார். அவர் கேட்டது எனக்கு விளங்கவில்லை. ஆயினும், "ஆம்" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்படி முப்பது ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன், அன்று அதைச் செய்யவில்லை.

என் கோப்புகள் எல்லாம் திரையின் முகப்பில், டெஸ்க்டாப் எனப்படும் இடத்தில் இருந்தன. அது 'சி'-யின் ஒரு பகுதி. ஒரு மணி நேரத்தில் கணிப்பொறி புதியதுபோல் இயங்கிற்று. மூன்றாண்டு உழைப்பு அதில் இல்லை. 'டி' என்ற அறை முற்றும் வெறுமையாக, ஒரு சேதமுமின்றி இருந்தது.

'சி', 'டி' என்பன யாவை? ஒரே வன்தட்டின் பரப்பை வரப்பிட்டுப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் தனித்தட்டு போலவே இயங்குமாறு செய்யலாம். இதற்குப் பார்ட்டிஷன் என்று பெயர். எழுத்து 'சி'-யில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. முன்னாளில் கணிப்பொறிகளில் செருகிய நெகிழ்தட்டுகள் 'ஏ', 'பி' என்னும் எழுத்துகளை எடுத்துக்கொண்டன. பின்னர் வந்த வன்தட்டுக்கு 'சி' வாய்த்தது. நெகிழ்தட்டுகள் மறைந்தபின்னும் எழுத்து நிலைத்துவிட்டது.

வன்தட்டின் வரலாறும் வியப்பிற்குரியது. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில், இரண்டடி குறுக்களவுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையிலும் அடங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. 1983-இல் அந்நிறுவனத்தின் எக்ஸ்.டி. என்னும் மேசைக் கணிப்பொறி 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்தது. அதனோடு வந்த டாஸ் இயக்குதளத்தின் இரண்டாம் பதிப்பு, தட்டை நான்கு பகுதிகள் வரை பிரிக்க இடமளித்தது. வெவ்வேறு இயக்குதளங்கள் ஒரே தட்டில் பூசலின்றி வாழ்வதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது.

பிரிவு நடைபெறும் முறை எளியது. தட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு அட்டவணை எழுதப்படுகிறது. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எத்துணை நீளம் என்பதே அதில் காணும் செய்தி. நூலின் பொருளடக்கம் போன்றது எனலாம். எம்.பி.ஆர். என்னும் பழைய முறையில் இவ்வட்டவணை, 512 பைட் அளவுள்ள முதற் கூறிலேயே அடங்கியது; ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டை அதனால் முழுதும் ஆள இயலாது. ஜி.பி.டி. என்னும் புதிய முறை அவ்வரம்பைக் கடந்தது. விண்டோஸில் 128 பகுதிகள் வரை இடமளிக்கிறது. அட்டவணையின் மறுபடி ஒன்றைத் தட்டின் இறுதியிலும் வைத்துக்கொள்கிறது. இயக்குதளம் ஒரு பகுதியை அழித்து எழுதும்போது, அட்டவணையில் குறித்த எல்லையைத் தாண்டுவதில்லை. நமக்குப் பயன்படுவது இந்த ஒழுங்குதான்.

இனிச் செய்முறைக்கு வருவோம். 1 டெராபைட் எனச் சொல்லி விற்கப்படும் வன்தட்டை விண்டோஸ் 931 ஜிகாபைட் என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றினார் என எண்ணவேண்டா. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 வீதம் எண்ணுகிறது, அவ்வளவே. விண்டோஸ் 11 நிறுவுவதற்குக் குறைந்தது 64 ஜிகாபைட் வேண்டும். செயலிகளும் புதுப்பிப்புகளும் நாளடைவில் பெருகுமாதலால், 'சி'-க்கு 200 ஜிகாபைட் ஒதுக்குவது நன்று. இதில் கஞ்சத்தனம் கூடாது. 'சி' நிறைந்தபின் வரப்பைத் தள்ளிப்போட விரும்பினால், அதனை அடுத்து வெற்றிடம் இருந்தாலன்றி விண்டோஸின் சொந்தக் கருவி அதற்கு உதவாது.

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்னும் கருவி உண்டு. அதில் 'சி' பகுதியின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, ஷ்ரிங்க் வால்யூம் என்பதைத் தேர்ந்தால், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று மெகாபைட் கணக்கில் கேட்கும். 730 ஜிகாபைட் பிரிக்க 7,47,520 என்று தரவேண்டும். விடுபட்ட வெற்றிடத்தில் நியூ சிம்பிள் வால்யூம் என்பதால் புதிய பகுதியை அமைக்கலாம். நகர்த்தவியலாத கோப்புகள் நடுவே கிடந்தால், நாம் கேட்ட அளவு குறையாது. ஆதலின் கணிப்பொறி புதிதாய் இருக்கும்போதே இதைச் செய்துகொள்வது சிறப்பு. தட்டில் முன்னரே ஏதேனும் இருந்தால், வரப்பில் கைவைக்குமுன் அவற்றை வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்தல் கட்டாயம்.

வரப்பிட்டதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதே நான் மேலே சொன்ன இழப்புக்கு வழி. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய உறைகள் இயல்பாகவே 'சி'-யில் இருப்பவை. ஒவ்வோர் உறையின் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் லொக்கேஷன் என்னும் ஏடு உண்டு. அங்கே 'டி'-யில் ஓரிடத்தைக் காட்டி மூவ் செய்துவிட்டால், அதன்பின் நாம் சேமிப்பவை அங்கேயே சென்று தங்கும். செயலிகளை 'டி'-யில் நிறுவினால் தப்பும் என்பாரும் உளர். அது பயனற்றது, அவற்றின் பதிவுக் குறிப்புகள் 'சி'-யில் இருப்பதால், பெரும்பாலான செயலிகளை மீண்டும் நிறுவியே ஆகவேண்டும். லினக்ஸ் பயன்படுத்துவோர் ஹோம் என்னும் பகுதியைத் தனியே வைத்து, மறுமுறை நிறுவும்போது அதை அழிக்காமல் இணைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதனாலும் மறுநிறுவலை நாடுவோர் உளர். அவர்கள் கவனிக்கவேண்டியன சில. நிறுவும் திரையில் 'சி', 'டி' என்ற எழுத்துகள் தெரிவதில்லை; எண்ணும் அளவுமே தெரியும். ஆதலின் எப்பகுதி எவ்வளவு என்பதை முன்கூட்டியே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இயக்குதளம் இருந்த பகுதியை மட்டும் அழியுங்கள், பிறவற்றைத் தொடாதீர்கள். சில கணிப்பொறிகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு 'டி'-யின்மேலும் இருக்கக்கூடும். மறுநிறுவலுக்குப் பின் அது 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். அவ்வெண் கையில் இல்லையேல், கோப்புகள் இருந்தும் இல்லாதவையே. உலாவியில் குறித்துவைத்த முகவரிகள், தமிழ் எழுத்துருக்கள் ஆகியவையும் 'சி'-யோடு போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இறுதியாக ஒன்று. வரப்பு, நிலத்தைப் பிரிக்குமேயன்றி வெள்ளத்தைத் தடுக்காது. தட்டே பழுதானாலும், களவு போனாலும், 'சி'-யும் 'டி'-யும் ஒருங்கே போகும். ஆதலால் இரண்டாம் பகுதியில் உள்ளவற்றின் மறுபடி ஒன்று, வேறொரு தட்டில், கணிப்பொறியோடு இணைக்காமல் தனியே இருக்கவேண்டும். இயக்குதளத்தை எளிதாய் மீண்டும் நிறுவுவதற்கு வரப்பு போதும். உழைப்பைக் காப்பதற்கு மறுபடி வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

என் தொகுப்பில் 40 பக்கங்கள் அச்செடுத்து ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். அவை மட்டும் மீண்டன. உயிரோடிருந்த பெரியோரிடம் மீண்டும் சென்றேன். அவர்கள் சலிக்காமல் மறுமுறை பேசினர். எனக்குக் கணக்குக் கற்பித்த ஆசிரியர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் குரல் இப்போது எங்கும் இல்லை.

இன்று இரவு, கணிப்பொறியை அணைக்குமுன், உங்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு கோப்பைத் தேடிப் பாருங்கள். அது வரப்பின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எவரேனும் கேட்கும்போது, என்னைப் போலன்றி, அறிந்தே விடை சொல்லலாம்.