கதிரவெளி வளவிற் பூமரங்கள்

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர், கதிரவெளியிலுள்ள தம் பெற்றோர் வளவில் நடுவதற்குச் செர்ரி மரக் கன்றுகளை அனுப்பலாமா என எம்மை வினவியுள்ளனர். இலை விடுமுன்னரே இளஞ்சிவப்பாய்ப் பூத்துநிற்கும் அம்மரத்தைக் கண்டோர்க்கு இவ்வாசை எழுதல் இயல்பே. படத்திற் கண்ட யாமே மயங்கினோம்! எனினும், கன்று புறப்படுமுன் சில கூறவேண்டியுள்ளது.

செர்ரியின் பூவரும்பு முந்திய கோடையிலேயே உருவாகி உறங்கிக் கிடக்கும். அவ்வுறக்கம் கலையப் பல நூறு மணிநேரம் 7 பாகை செல்சியசு அளவிலான குளிர் வேண்டும். எம் ஊரில் மார்கழி மழையிரவிலும் வெப்பம் 20 பாகைக்கு அதிகம் கீழே இறங்குவதில்லை. கார்த்திகையிற் பூக்கும் இமயச் செர்ரியும் சில்லாங் போன்ற மலையூர்களையே நாடும். கன்று அனுப்புதலில் இன்னோர் இடரும் உண்டு. 1910இல் யப்பான் வாஷிங்டனுக்கு அனுப்பிய 2,000 மரங்களிற் பூச்சியும் நோயும் காணப்பட்டமையால் அவை எரிக்கப்பட்டன. 1912இல் மீண்டும் அனுப்பிய 3,020 கன்றுகளே அங்கு வேரூன்றின.

அங்கே குளிர் ஆற்றும் பணியை இங்கே வறட்சி ஆற்றுகின்றது. சிவபெருமான் சூடும் கொன்றை வெயிற்காலத்தில் இலையுதிர்த்து, சித்திரை வைகாசியிற் பொற்சரமாய்த் தொங்கும். அதன் முழநீளக் காயிலுள்ள விதை மிக வலிய தோலுடையது. வெறுமனே புதைத்தால் மாதக்கணக்கிற் கிடக்கும். ஒரு பக்கத்தைக் கல்லில் உரைத்து, ஓரிரவு நீரில் ஊறவிட்டு விதைத்தல் வேண்டும். பூப்பதற்குச் சில ஆண்டுகள் செல்லும், பொறுமை வேண்டும்.

ஆயினும் கொன்றையைக் கடல் நோக்கி நடலாகாது. யாம் அவ்வாறு நட்டு ஒரு கன்றை இழந்தோம். வாடைக்காற்றுக் கொணர்ந்த உப்பு அதன் தளிரைக் கரித்துவிட்டது. பின்னர் வேலியிற் பூவரசங் கதியால்களை நாட்டி, அவை தழைத்தபின் அவற்றின் மறைவில் வைத்த கன்றே நிமிர்ந்தது. பூவரசும் வெறும் வேலிமரமன்று. காலையில் மஞ்சளாய் விரியும் அதன் மலர் மாலையிற் செந்நிறங் கொள்ளும்.

1978 நவம்பரிற் புயலையும் 2004 டிசம்பரிற் கடற்கோளையும் கண்ட கரை இது. நடும் மரம் நிலைக்குமா என்பதே இங்கு முதற் கேள்வி. ஆதலின் கடலோரத்துக்கு யாம் தெரிவது புன்னையையே. உப்பையும் மணலையும் அது பொருட்படுத்தாது. அதன் வெண்ணிறப் பூக்கொத்து நறுமணமுடையது. செர்ரியை நினைந்து ஏங்குவோர் ஒருமுறை அதனடியில் நின்று பார்க்கட்டும்.

மாரி தொடங்கும் ஐப்பசியே நடுதற்கு உகந்த காலம். கொன்றை விதை எம்மிடம் உண்டு. விடுமுறையில் ஊர் வருவோர் கேட்டுப் பெறலாம்.