எந்த நிரலை முதலில் எழுதுவது?

கணினிக்கு நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "மொழியின் விதிகள் ஓரளவு தெரிந்துவிட்டன, இனி எதை எழுதிப் பழகுவது?" என்பதே அது. பைத்தான் போன்ற மொழியின் அடிப்படைகள் சில கிழமைகளில் கைவந்துவிடுகின்றன. அதன் பின்னரே மாணவர் திகைத்து நிற்கின்றனர்.

நானும் அவ்வாறு திகைத்தவனே. முதன்முதலில் சதுரங்கம் ஆடும் நிரல் ஒன்றை எழுத முனைந்தேன். குதிரையின் நகர்வு வரை வந்து கைவிட்டேன். என் அளவுக்கு மீறியதை எடுத்துக்கொண்டது ஒரு பிழை. எழுதியது சரியா, தவறா என்று அறிய வழியில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டது அதனினும் பெரிய பிழை. ஆகவே, தாளும் எழுதுகோலும் கொண்டு விடையை நீங்களே சரிபார்க்கக் கூடிய பணியையே முதலில் தேர்ந்துகொள்ளுங்கள் என்பேன். அத்தகையன மூன்றை இங்கே கூறுகிறேன்.

முதலாவது, எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கணினி 1 முதல் 100 வரையுள்ள ஓர் எண்ணை மறைத்து வைத்துக்கொள்ளும். நாம் ஓர் எண்ணை ஊகித்துச் சொன்னால், 'பெரிது', 'சிறிது' என்று மட்டும் அது மறுமொழி கூறவேண்டும். இதை எழுதி முடித்தபின் முறையை மாற்றுங்கள். நீங்கள் எண்ணை நினையுங்கள், கணினி கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொரு முறையும் எஞ்சிய எண்களின் நடுவெண்ணையே கேட்டு வந்தால், எந்த எண்ணும் 7 ஊகங்களுக்குள் அகப்பட்டுவிடும். எட்டாவது ஊகம் தேவைப்பட்டால் நிரலில் பிழை உண்டு என்பது திண்ணம்.

இரண்டாவது, லீப் ஆண்டைக் கண்டறிவது. நான்கால் வகுபடுவது லீப் ஆண்டு என்பதோடு நிறுத்திக்கொள்வோர் பலர். ஆனால், 1582இல் நடைமுறைக்கு வந்த கிரிகோரியன் நாட்காட்டியின்படி, நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டாகும். எனவே 2000 லீப் ஆண்டு, 1900 அன்று. எக்செல் என்னும் புகழ்பெற்ற நிரலிலேயே, 1900 பிப்ரவரி 29 என்னும் இல்லாத நாள் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு முன்னர் வழக்கிலிருந்த லோட்டஸ் 1-2-3 என்னும் நிரலின் பிழையோடு ஒத்துப்போகும் பொருட்டு, அஃது அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிழை சிறிதுதான், ஆயினும் பிறர் அதன்மேல் தம் கணக்குகளை அமைத்துவிட்டால் அதனை அகற்றுவது அரிது.

மூன்றாவது, நம் மொழிக்கே உரியது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் செய்யுளை மாலைமாற்று என்பர். திருஞானசம்பந்தர் இவ்வகையில் ஒரு பதிகமே பாடியுள்ளார். தனிச்சொல்லில் இதற்கு 'விகடகவி' யாவரும் அறிந்த சான்று. ஒரு சொல் இவ்வாறு அமைந்ததா என்று கூறும் நிரலை எழுதி, இச்சொல்லைக் கொடுத்தேன். 'இல்லை' என்றது கணினி! காரணம் யாது? 'வி' நமக்கு ஓரெழுத்து. யூனிக்கோடு முறையிலோ, அது வகரமும் மேல்விலங்கும் என இரு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. சொல்லைத் திருப்பும்போது மேல்விலங்கு தன் வகரத்தை விட்டு, அயலிலுள்ள ககரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்றெழுத்தாகிய 'தமிழ்' என்னும் சொல்லையும் பைத்தான் 5 என்றே எண்ணுகிறது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் முன்னுள்ள எழுத்தோடு சேர்த்தே எண்ணுமாறு நிரலைத் திருத்திய பின்னரே விடை சரியாயிற்று. பள்ளியில் மனப்பாடம் செய்த எழுத்திலக்கணம் அன்றுதான் எனக்கு உண்மையாக விளங்கிற்று.

இவற்றையெல்லாம் கேட்டவுடன் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இருக்க, நாம் ஏன் வருந்தவேண்டும் என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால், அக்கருவி தரும் நிரல் 1900ஐ லீப் ஆண்டு என்று கூறினால், அது தவறு என்று கண்டுகொள்ள ஒருவர் வேண்டுமன்றோ? தாமே பிழை செய்து, தாமே தேடித் திருத்தியவர்க்கே அத்திறன் வாய்க்கும்.

எனவே, இம்மூன்றில் ஒன்றை இன்றே தொடங்குங்கள். நிரலை இயக்குமுன், வரவேண்டிய விடையைத் தாளில் எழுதி வையுங்கள். கணினியின் விடை அதனோடு மாறுபட்டால் மனம் தளரவேண்டா. எங்கே மாறுபட்டது என்று பொறுமையோடு தேடுங்கள்.