பிள்ளை வரைந்த சுவருக்கு மேல் பெயின்ட் பூசுமுன்...

மலையகத் தோட்டங்களில் "இது என் வீட்டுச் சுவர்" என்று சொல்லக் கிடைத்திருப்பது அண்மைக்காலத்தில்தான். எமது மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயன் காம்பராக்கள் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவானவை. சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள்தான். புகையில் கறுத்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம் அல்லது பழைய பத்திரிகைத் தாள் ஒட்டுவோம். அதில் பிள்ளை கரிக்கட்டியால் கிறுக்கினாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இன்றும் பலர் லயங்களிலேயே வாழ்கின்றனர். ஆயினும் ஒரு பகுதியினருக்கு நிலைமை மாறியுள்ளது. இந்திய உதவி வீடமைப்புத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு. அதில் தனியாகப் படுக்கையறை.

1977, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறி, அங்கு யுத்தத்தில் மீண்டும் எல்லாவற்றையும் இழந்து, உறவினரைத் தேடித் தோட்டத்துக்குத் திரும்பிய பெண்களும் எம்மிடையே உள்ளனர். முகாமில் அவர்களுக்குத் தறப்பாள்தான் சுவர். அப்படி வாழ்ந்த ஒரு தாய், பேர் போட்ட காசில் மிச்சம் பிடித்துப் படுக்கையறைக்குப் பெயின்ட் அடிக்கிறாள். கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், கட்டிலுக்கு மேலே சுவர் முழுக்கக் கறுப்பு மார்க்கர் கோடுகள். கை தானாகவே ஓங்குகிறது.

அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அவள் பட்டதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அதற்குப் புதுச்சுவர் ஒரு பெரிய வெள்ளைத்தாள். ஆகவே கையை இறக்கி, "இது யாரு? இங்க என்ன நடக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். கொழுந்துக் கூடையோடு நிற்பது அம்மாவாக இருக்கும். தூரத்தில் பஸ்ஸுக்குள் இருப்பது கொழும்புக்கு வேலைக்குப் போன அப்பாவாக இருக்கும். வாயால் சொல்லத் தெரியாததைப் பிள்ளைகள் கோட்டால் சொல்வதுண்டு.

இதை உணர்ந்தவர்கள் யுத்த காலத்திலும் இருந்தார்கள். மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், யுத்தத்தால் பாதிக்கப்பட்ட சிறார்களுக்கு ஓவியம், களிமண் வேலை, கதை, விளையாட்டு மூலம் ஆறுதல் அளிக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தெரேசின் என்ற இடத்தில் அடைக்கப்பட்டிருந்த யூதச் சிறுவர்களுக்கு ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியப் பெண்மணி சித்திரம் கற்பித்தார். 1944இல் அவர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவர் ஒளித்துவைத்துச் சென்ற சுமார் 4,500 ஓவியங்கள் பிராக் நகரில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் உயிர் தப்பவில்லை.

சரி, சுவரை எப்படி மீட்பது? பலர் உடனே மேலே பெயின்ட் பூசுகிறார்கள். மறுநாள் கோடு மறுபடியும் தெரிகிறது. மார்க்கரின் சாயம் ஈரமான பூச்சில் கரைந்து மேலே ஊறி வருவதே காரணம். மூன்று தடவை பூசினாலும் நிழலாகத் தெரியும், காசுதான் வீண்.

முதலில் பஞ்சில் சிறிது சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, ஒரு மூலையில் பரீட்சித்துப் பாருங்கள். பெயின்ட் உரியாவிட்டால் கோட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் மை பரவும். பஞ்சை அடிக்கடி மாற்றுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். எனவே ஜன்னலைத் திறந்து, அடுப்பையும் விளக்கையும் அணைத்துவிட்டு, பிள்ளையை வெளியே அனுப்பிய பின்பே இதைச் செய்யுங்கள்.

மிஞ்சிய கறைக்கு எண்ணெய் அல்லது அரக்கு கலந்த, கறையை மேலே வரவிடாத பிரைமர் தேவை. ஹாட்வெயார் கடையில் அப்படியே சொல்லிக் கேளுங்கள். தண்ணீரில் கலக்கும் சாதாரண பிரைமர் போதாது. கறை உள்ள இடத்தில் மட்டும் பூசினால் சிறிய டின் ஒன்றே போதும். நன்றாகக் காய்ந்தபின் கோடு தெரிந்தால் இன்னொரு தடவை பூசி, அதன் மேல் சுவரின் நிறத்தைப் பூசுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மூடுபனியில் பூச்சு மெதுவாகவே காயும். அவசரமில்லாவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலத்தில் செய்வது நல்லது. கர்ப்பிணித் தாய்மார் இந்த வேலையை வேறொருவரிடம் விடட்டும்.

மூடுவதற்கு முன் அந்தச் சித்திரத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு பிள்ளைக்கென்று ஓர் இடம் கொடுங்கள். அதன் உயரத்துக்குப் பழைய கலண்டர் தாள்களைப் பின்பக்கம் தெரிய ஒட்டி, "இங்க நீ எப்பவும் வரையலாம்" என்று சொல்லுங்கள். மார்க்கரை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, கலர் பென்சில் கொடுங்கள்.

ஒரு சித்திரத்தை வைத்துப் பிள்ளைக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. ஆனால் பயங்கரமான ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைவதோடு, இரவில் அலறுதல், படுக்கையை நனைத்தல், யாருடனும் பேசாதிருத்தல் போன்றவையும் தெரிந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கங்களை அழைக்கலாம். பிள்ளையை அடித்துவிடுவேனோ என்று உங்களுக்கே பயமாக இருந்தாலும் 1926இல் பேசுங்கள். உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.