சிறிய கமராவுக்கு ஏற்ற உறை

வாளுக்கு உறை, வீணைக்குப் பெட்டி, மூக்குக் கண்ணாடிக்குக் கூடு என்று, விலைமதிப்புள்ள பொருள்களுக்கெல்லாம் ஒரு காப்பினை அமைத்துக்கொள்ளுதல் மக்களின் பழைய வழக்கம். கமராவும் இவ்வழக்கத்துக்கு விலக்கன்று. ஆயினும், கமராவை வாங்குவதற்குப் பல கடைகள் ஏறி இறங்கி விலை விசாரிப்பவர், அதன் உறையை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கி வந்துவிடுவதுண்டு. அவ்வுறை அளவில் மிகப் பெரிதாயிருந்தால், கமரா வீட்டு அலுமாரியிலேயே தங்கிவிடும். மிக மெல்லியதாயிருந்தால், பஸ் நெரிசலில் கமரா நசுங்கும். ஈரத்தைப் பிடித்து வைப்பதாயிருந்தால், வெளியே காயமொன்றும் தோன்றாமலே உள்ளேயுள்ள வில்லை கெட்டுப்போகும். மாதக்கணக்காகச் சேமித்த பணத்தில் வாங்கிய கருவி, மகளின் திருமணத்தன்றோ கோயில் தேர்த் திருவிழாவன்றோ பயன்படாது போகுமாயின், அந்த நாளை மீண்டும் அழைத்து வருதல் எவராலும் இயலாது.

கமராவின் உறைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜேர்மனியில் ஒஸ்கார் பார்னாக் என்பார் வடிவமைத்த லைக்கா கமரா, 1925ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் மக்கள் முன் வைக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து பெருகிய 35 மில்லிமீற்றர் கமராக்களோடு தடித்த தோலுறைகளும் வழக்கத்துக்கு வந்தன. கமராவின் அடியிலுள்ள முக்காலித் துளையில் ஒரு திருகாணியால் உறை பிணைக்கப்பட்டிருக்கும். முன்பக்க மூடியைக் கீழே தள்ளிவிட்டால், கமராவை வெளியே எடுக்காமலே படம் பிடிக்கலாம். ஆங்கிலத்தில் 'எவர்ரெடி' என்று வழங்கப்பட்ட இவ்வுறை, பெயருக்கேற்ப எப்பொழுதும் ஆயத்தமாயிருந்தது. ஆனால் படச்சுருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் திருகாணியைக் கழற்ற வேண்டியிருந்தது. தொங்கும் மூடியும் சிற்சில வேளை வில்லைக்கு முன்னே வந்து படத்தை மறைத்தது.

இக்குறையை உணர்ந்து, உறையே வேண்டாத கமராவொன்றை அமைக்க முயன்றவர் ஜப்பானிய நிறுவனமான ஒலிம்பசின் வடிவமைப்பாளர் யொஷிஹிசா மைத்தானி ஆவார். 1979இல் வெளிவந்த அவருடைய எக்ஸ். ஏ. என்னும் சிறு கமராவில் வழுக்கி நகரும் மூடியொன்று உண்டு. மூடியைப் பக்கவாட்டில் தள்ளினால் வில்லை வெளிப்படும். திரும்ப இழுத்தால் மறையும். காப்பு நீங்குவதும் கருவி ஆயத்தமாவதும் ஒரே செயலாக முடிந்தன. உறை வாங்குவோர் மனத்திற் கொள்ளத்தக்க முதல் விதி இதுவே: காப்பினை நீக்கும் நேரம் குறையக் குறைய, அக்காப்பு பயன்மிக்கதாகும்.

இன்றைய சிறு கமராக்களின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 2012இல் சோனி நிறுவனம் வெளியிட்ட ஆர். எக்ஸ். 100 என்னும் கமரா ஏறக்குறைய 102 மில்லிமீற்றர் அகலமும், 58 மில்லிமீற்றர் உயரமும், 36 மில்லிமீற்றர் தடிப்பும், 240 கிராம் எடையும் உடையது. இயக்கியதும் அதன் வில்லைக்குழல் வெளியே நீளும். நிறுத்தியதும் உடலினுள் ஒடுங்கும். ஒன்றனுள் ஒன்று செல்லும் இக்குழல்களிடையே நுண்ணிய இடைவெளி உண்டு. கசூரினாக் கடற்கரை மணலில் ஒரு பரல் அவ்விடைவெளியிற் புகுந்தாலும் குழல் சிக்கிக்கொள்ளக்கூடும். சட்டைப்பையிலுள்ள பஞ்சும் தூசியும் இவ்வாறே தீங்கு செய்யும். பின்புறத் திரையோ அழுத்தத்தையும் கீறலையும் தாங்காதது. ஆகவே மோதல், அழுத்தம், மணல், ஈரம் என்னும் நான்கும் சிறு கமராவின் பகைகளாகும். எல்லாவற்றையும் ஒருங்கே வெல்லும் உறை இல்லை. எப்பகை தம்மை மிகுதியாக எதிர்ப்படும் என்பதை அவரவரே தெளிதல் வேண்டும்.

நெயோபிரீன் என்னும் செயற்கை றப்பரால் ஆன உறை, சுழியோடிகள் அணியும் உடையின் துணியையே ஒத்தது. கமராவை இறுகப் பற்றிக்கொள்ளும். எடையும் மிகக் குறைவு. கைப்பைக்குள் கமராவை வைப்போருக்கு இது ஏற்றது. ஆனால் நெரிசலில் வரும் அழுத்தத்தை இது தடுக்காது. உள்ளே நுரைப்பஞ்சு வைத்துத் தைத்த நைலோன் உறை சிறு வீழ்ச்சிகளைத் தாங்கும். இடைவாரிற் கோத்துக்கொள்ளவும் இடந்தரும். அச்சில் வார்த்த கடின ஓட்டு உறை அழுத்தத்தை நன்கு தடுக்குமாயினும், சட்டைப்பையிற் கொள்ளாது. பயணப் பெட்டிக்கே உரியது. தோலுறை அழகும் உறுதியும் வாய்ந்தது. ஆயினும் ஈரத்தை ஈர்த்து வைத்திருப்பது அதன் இயல்பு. இலங்கை போன்ற நாடுகளில் இது சிறு குறையன்று.

கொழும்பில் காற்றின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. ஈரமும் இருளும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால், வில்லையின் மேல் பூஞ்சணம் சிலந்தி வலைபோற் படரும். அது வெளிவிடும் அமிலம் வில்லையின் மெல்லிய மேற்பூச்சை அரிக்கும். பின்னர்த் துடைத்தாலும் வடு நீங்காது. எனவே தோலுறையை வெளியே செல்லும்போது பயன்படுத்தலாம். மாதக்கணக்காகக் கமராவை அதனுள் பூட்டி வைத்தல் ஆகாது. உணவு வைக்கும் இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியொன்றில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் கமராவை வைத்தல் செலவு குறைந்த வழியாகும். நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல்லாயின், மாறிய நிறமே அது ஈரத்தால் நிறைந்துவிட்டதென்பதை அறிவிக்கும். அப்போது அதனைச் சூடாக்கி ஈரம் போக்கியோ, புதிது மாற்றியோ வைத்தல் வேண்டும்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளிவெப்பத்துக்கு வருங்கால், குளிர்ந்த கமராவின் மேல் நீர்த்துளிகள் படியும். அறையைவிட்டு வெளிவரு முன்னரே கமராவை ஒரு பொலித்தீன் பையிலிட்டு வாயை இறுக மூடி, அரைமணி நேரம் பொறுத்துத் திறந்தால், துளிகள் பையின் புறத்திலேயே படிந்து நீங்கும். நைலோன் உறைகளிற் பல தூறலைத் தாங்குமேயன்றிப் பெருமழையைத் தாங்கமாட்டா. அவ்வேளையிலும் இப்பையே துணை.

கடைக்குச் செல்பவர் கமராவையும் உடன்கொண்டு செல்லுதல் நன்று. உறையின் மேலட்டையிற் காணப்படும் அளவு புற அளவா உள்ளளவா என்பது பல வேளைகளில் விளங்காது. கைவாரையும் சேர்த்துக் கமராவை உள்ளே வைத்து, மூடித் திறந்து பார்க்க வேண்டும். பொத்தான்கள் அழுந்திக் கமரா தானே இயங்கத் தொடங்கினால், அவ்வுறை மிக இறுக்கமானது. மூடிய உறையைக் குலுக்கும்போது கமரா உள்ளே ஆடினால், அது மிகத் தளர்வானது. ஒரு கையாலே திறக்க முடிகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். சிப்பின் உட்புறத்தில் துணிமடிப்பு இல்லாவிடின், அதன் உலோகப் பற்கள் திரையைக் கீறும். கொளுவி ஒட்டும் வெல்குரோ மூடி விரைவிற் திறக்கும். ஆனால் அதன் ஓசை வழிபாட்டிலும் சபையிலும் இடையூறாகும். காந்த மூடியாயின், நினைவட்டையிலுள்ள படங்களுக்கு அதனாற் கேடில்லை.

மேலதிக பற்றறி வைக்கத் தனியறை இருப்பின் நன்று. பற்றறியைச் சில்லறைக் காசுகளோடு சேர்த்து வைத்தால், காசு அதன் முனைகளை இணைத்துச் சூடேற்றித் தீ விளைவிக்கவும் கூடும். இடைவாரில் மாட்டும் உறையாயின், அதன் வளையம் தைக்கப்பட்ட இடத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். உறை எவ்வளவு திண்மையாயினும், வளையம் அறுந்தால் உறையும் கமராவும் ஒருங்கே விழும்.

இறுதியாக ஒன்று. மணல் புகுந்த உறையிற் கமராவை வைத்தல், அதனை மணற்றாளில் தேய்ப்பதற்கு ஒப்பாகும். ஆகவே கடற்கரைக்கோ திருவிழாவுக்கோ சென்று வந்ததும், உறையை உட்புறம் வெளியாகத் திருப்பி உதறி, நிழலில் உலர வைத்தல் வேண்டும். இச்சிறு வழக்கம் கைவந்தவர்க்கு விலையுயர்ந்த உறை தேவைப்படாது. அளவறிந்து வாங்கிய எளிய உறையே பல ஆண்டுகள் கமராவைக் காத்து, வேண்டிய வேளையில் கைக்குத் தரும்.