பழைய டிராக்டருக்கு டீசல் அடிட்டிவ் அவசியமா? பாட்டில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

கோவில்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோவில் பக்கமாக விரிந்து கிடக்கும் கரிசல் பூமியில் இருக்கிறது இளையரசனேந்தல். சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் மானாவாரி விவசாயம்தான். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி என எதைப் போட்டாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் போட வேண்டும்.

கரிசல் மண்ணில் உழவுக்கான பதம் சில நாட்கள்தான் நிற்கும். மழை கூடினால் சேறு கலப்பையில் அப்பிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் கட்டி கட்டியாகப் பெயரும். அந்த நேரத்தில் டிராக்டர் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால் நஷ்டம் ரிப்பேர் செலவோடு முடியாது, விதைப்பே தள்ளிப் போய்விடும்.

15, 20 வருஷம் ஓடிய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். "டேங்க்ல ஒரு மூடி ஊத்துங்க, பம்பு தேயாது, மைலேஜும் கூடும்" என்று சொல்லி விற்கப்படும் அடிட்டிவ் பாட்டில்களை அவர்கள் வாங்கிப் பார்ப்பதற்கும் அதுதான் காரணம். இந்தப் பாட்டில்கள் உண்மையில் என்ன செய்யும்? எப்போது தேவை? எப்போது வீண் செலவு?

பயம் எங்கிருந்து வந்தது?

டீசல் மாறியிருப்பது உண்மைதான். 2010-ல் நாடு முழுவதும் வந்த பிஎஸ்-3 டீசலில் கந்தகம் 350 பிபிஎம் வரை இருக்கலாம். 2017 ஏப்ரலில் வந்த பிஎஸ்-4 டீசலில் அது 50 பிபிஎம் ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்பனையாகும் பிஎஸ்-6 டீசலில் வெறும் 10 பிபிஎம்.

கந்தகத்தை நீக்கும்போது, டீசலுக்கு இயல்பாக வழவழப்பைத் தரும் சில பொருட்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. டீசல் பம்பின் உள்பாகங்களுக்கு டீசல்தான் உயவு எண்ணெய். 1990-களின் தொடக்கத்தில் கந்தகம் மிகக் குறைந்த டீசலை அறிமுகப்படுத்திய சுவீடனில், பம்புகள் சீக்கிரமே தேய்ந்து போனது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 'புது டீசல் பழைய பம்பைத் தின்றுவிடும்' என்ற பேச்சு கிளம்பியது அதன் பிறகுதான்.

இப்போது விற்கும் டீசலில் வழவழப்பு இல்லையா?

இருக்கிறது. சுவீடன் அனுபவத்துக்குப் பிறகு, வழவழப்புக்கென்றே தனி சோதனை வந்துவிட்டது. 60 டிகிரி வெப்பத்தில் இருக்கும் டீசலுக்குள் ஒரு சிறிய எஃகு குண்டை எஃகுத் தகட்டின் மீது 75 நிமிடம் தேய்ப்பார்கள். குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அதாவது அரை மில்லிமீட்டரை விடக் குறைவு. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1460 இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இதற்காக வழவழப்பு தரும் மருந்தைச் சுத்திகரிப்பு ஆலைகளே கலந்துவிடுகின்றன.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூடியூபில் வரும் பல அடிட்டிவ் வீடியோக்கள் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே இந்தத் தழும்பு 520 மைக்ரான் வரை இருக்கலாம். டீசல் எவ்வளவு எளிதாகப் பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணும் அங்கே குறைந்தபட்சம் 40 இருந்தால் போதும். இந்தியாவில் குறைந்தபட்சம் 51 இருக்க வேண்டும். குளிரில் டீசல் உறைவதைத் தடுக்கும் மருந்தும் அங்கே தேவை. கோவில்பட்டி வெயிலில் அதற்கு வேலையே இல்லை. அமெரிக்க டிராக்டருக்குச் சொன்ன மருந்து அப்படியே நம்ம ஊர் டிராக்டருக்குப் பொருந்தாது.

உங்கள் டிராக்டரில் என்ன பம்ப்?

பழைய டிராக்டர்களில் இரண்டு வகை டீசல் பம்ப் உண்டு. ஒன்று இன்லைன் பம்ப். நீளப் பெட்டி போல இருக்கும், நாசிலுக்குப் போகும் குழாய்கள் அதன் மேல் வரிசையாக நிற்கும். பெங்களூருவின் மைகோ, அதாவது இன்றைய பாஷ் நிறுவனத்தின் பம்புகளில் இந்த வகை பிரபலம். இதில் கேம் பகுதிக்கு ஆயில்தான் உயவு. எலிமெண்ட்டுக்கு மட்டும் டீசல். பொதுவாக முரட்டு பம்ப், தாங்கும்.

மற்றொன்று ரோட்டரி பம்ப். உருண்டையான தலையைச் சுற்றிக் குழாய்கள் கிளம்பும். லூகாஸ்-டிவிஎஸ் தயாரித்த டிபிஏ பம்ப் இந்த வகை. இதில் உள்ளே சுழலும் பாகங்கள் அத்தனைக்கும் டீசல் ஒன்றே உயவு. எனவே டீசலில் தண்ணீரோ தூசியோ மண்ணெண்ணெயோ கலந்தால் முதலில் அடிபடுவது இதுதான். வழவழப்பு அடிட்டிவால் கொஞ்சமாவது பலன் கிடைக்க வாய்ப்பிருப்பதும் இந்த பம்புக்குத்தான்.

முதலில் பாட்டில் சோதனை

அடிட்டிவ் வாங்கும் முன் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. டேங்க்கின் அடியில் உள்ள டிரெயின் வழியாக அரை லிட்டர் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஓர் இரவு ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும். காலையில் பார்த்தால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தேங்கியிருக்கும். கறுப்பாக, வழுவழுவென்று படலம் இருந்தால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

மானாவாரிப் பகுதி டிராக்டர்களில் இது சகஜம். உழவு முடிந்ததும் மாதக்கணக்கில் டிராக்டர் சும்மா நிற்கும். டேங்க் பாதி காலியாக இருந்தால், பகலில் உள்ளே போகும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். டீசல் வாங்கி வைக்கும் டிரம்மை மழையில் நிமிர்த்தி வைத்தால், மூடி ஓரத்தில் தேங்கும் தண்ணீரும் மெல்ல உள்ளே இறங்கும்.

தண்ணீர் இருந்தால் வடித்துவிட்டு, டேங்க்கைக் கழுவி, இரண்டு டீசல் ஃபில்டர்களையும் மாற்றி, ஏர் எடுத்துவிட வேண்டும். பழைய டிராக்டரில் 'பம்ப் வீக்' என்று சொல்லப்படும் புகார்களில் பல இந்த வேலையிலேயே சரியாகிவிடும்.

எந்தப் பிரச்சினைக்கு எந்த அடிட்டிவ்?

தண்ணீரைப் பிரிப்பது: இதில் இரண்டு வகை. ஒன்று தண்ணீரை அடியில் படிய வைக்கும். மற்றொன்று டீசலோடு கலக்கவைத்து நாசில் வழியாக எரிந்து போகச் செய்யும். பழைய டிராக்டருக்கு முதல் வகைதான் நல்லது, படிந்ததை வடித்துவிடலாம். இரண்டாவது வகையில் தண்ணீர் பம்புக்குள் போய்த்தான் வெளியேற வேண்டும்.

நுண்ணுயிர் கொல்லி: கறுப்புப் படலம் இருந்தால் மட்டும். அதுவும் டேங்க்கைக் கழுவிய பிறகுதான். கழுவாமல் ஊற்றினால் செத்த கசடு முழுவதும் ஃபில்டரை அடைக்கும். இது விஷம், கையுறை அவசியம்.

நாசில் கிளீனர்: நாசிலில் லேசாகக் கரி படிந்திருந்தால் உதவும். தேய்ந்துபோன நாசிலுக்கு உதவாது. முதல் முறை ஊற்றும்போது பழைய அழுக்கு பெயர்ந்து வரும் என்பதால், கைவசம் ஒரு ஃபில்டர் இருக்கட்டும்.

வழவழப்பு மருந்து: ரோட்டரி பம்ப் உள்ளவர்கள் கூடுதல் பாதுகாப்பாக நினைத்துப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே தேய்ந்த பம்பை இது சரிசெய்யாது.

சீட்டேன் பூஸ்டர்: குறைந்த சீட்டேன் காலத்தில் வடிவமைக்கப்பட்ட பழைய இன்ஜினுக்கு, இப்போதைய 51 போதும்.

புகை என்ன சொல்கிறது?

கரும்புகை வந்தால் முதலில் ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும். புழுதி உழவில் ஆயில் பாத் சீக்கிரமே சேறாகிவிடும். அதன் பிறகு நாசில். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, கவனம் போக வேண்டியது ரிங், லைனர் பக்கம். சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் டைமிங், கம்ப்ரஷன் அல்லது தண்ணீர்ப் பிரச்சினை. இவற்றில் நீலப்புகையை எந்தப் பாட்டிலும் தீர்க்காது. டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் நாசிலை டெஸ்டரில் மாட்டி, பிரஷர் செட் பண்ணினாலே டிராக்டரின் இழுவையில் வித்தியாசம் தெரியும்.

மண்ணெண்ணெய், 2டி ஆயில் கலக்கலாமா?

கூடாது. மண்ணெண்ணெய் டீசலை நீர்க்கச் செய்து, இருக்கிற வழவழப்பையும் குறைத்துவிடும். ரேஷன் மண்ணெண்ணெயை இப்படிப் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றம். பெட்ரோல் கலப்பது அதைவிட மோசம், தீ விபத்து அபாயம் உண்டு. 2டி ஆயில் பெட்ரோல் இன்ஜினுக்காகத் தயாரிக்கப்பட்டது. அதை டீசலில் எவ்வளவு ஊற்றலாம் என்று டிராக்டர் கம்பெனி எதுவும் அளவு சொன்னதில்லை.

லேபிளில் பார்க்க வேண்டியவை

'ஆல் இன் ஒன்' என்று மட்டும் போட்டிருந்தால் யோசிக்க வேண்டும். எந்தப் பிரச்சினைக்கு, எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி என்பது தெளிவாக இருக்க வேண்டும். 1:1000 என்றால் 40 லிட்டர் டேங்க்குக்கு 40 மில்லிதான். அதிகம் ஊற்றினால் அதிக பலன் கிடையாது, கெடுதல்தான் வரும். இரண்டு பிராண்டைக் கலக்கக் கூடாது. பங்க்கில் கிடைக்கும் பிரீமியம் டீசலில் ஏற்கெனவே அடிட்டிவ் இருக்கிறது, அதற்கு மேல் இன்னொன்று தேவையில்லை.

50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிகள் அமலில் உள்ளன. அந்தப் புதிய டிராக்டர்களில் கம்பெனி அனுமதிக்காத எதையும் ஊற்றக் கூடாது.

மழைக்கு முன் என்ன செய்யலாம்?

வேலை முடிந்ததும் மாலையிலேயே டேங்க்கை நிரப்பி வைப்பது, டிரம்மைச் சாய்த்து நிழலில் வைப்பது, டீசலை வடிகட்டி ஊற்றுவது, ஆவணியிலேயே ஃபில்டரை மாற்றுவது. இந்த நான்கும் செய்த டிராக்டருக்குப் பெரும்பாலும் அடிட்டிவ் தேவைப்படாது. செய்யாத டிராக்டரை எந்த அடிட்டிவும் காப்பாற்றாது.