யன்னல் கைபிடி உடைந்தால் எதை மாற்றுவது?

கொழும்பில் கடலோரத் தொடர்மாடிகளிலும் பிரதான வீதியை அண்டிய அலுவலகங்களிலும் இன்று இரட்டைக் கண்ணாடி யன்னல்களைக் காணலாம். வாகன இரைச்சலைக் குறைக்கவும் ஏசியின் குளிர் வெளியேறாமல் தடுக்கவும் இவற்றைப் பொருத்துகிறார்கள். யன்னலைப் பொருத்திக் கொடுக்க ஆள் உண்டு. பூட்டோ கைபிடியோ பழுதானால் திருத்தத்தான் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. ஹார்ட்வெயார் வியாபாரிகளுக்கு இது நல்லதொரு வாய்ப்பு. ஆனால், விஷயம் தெரியாமல் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

என் கடையின் நீண்டகால வாடிக்கையாளரான ஹாஜியார் ஒருவர் உடைந்த யன்னல் கைபிடியொன்றைக் கொண்டு வந்தார். அதே மாதிரியில் ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அதுவும் உடைந்தது. இன்னொன்றை விற்றேன். மூன்றாம் முறை வந்தவர், நான் விற்ற இரண்டையும் உடைந்தபடியே மேசையில் வைத்தார்.

"தம்பி, வேற பாஸ் ஒருத்தர் வந்து பாத்தாரு. கைபிடில ஒன்டும் இல்லயாம், பிணைச்சல்தான் தாழ்ந்து போயிருக்காம். நீங்க சாமான வித்தீங்க, என்ன பழுதுன்டு கேக்கல்லயே" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் கொண்டு போனவர், அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை.

அன்றிரவே இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் யன்னல் திருத்தும் தொழில் செய்யும் என் மச்சானுக்குப் போன் எடுத்தேன். அங்கு வீட்டுக்கு வீடு இரட்டைக் கண்ணாடிதான். 2002 ஏப்ரல் முதல் யன்னலை முழுதாக மாற்றுவது அந்நாட்டின் கட்டட விதிகளுக்குள் வருகிறது. கைபிடி, பூட்டு, பிணைச்சல் என்பவற்றை மாற்றுவதற்கு அந்தச் சிரமம் இல்லை. சிறிய பாகங்களை மட்டுமே விற்றுப் பிழைக்கும் கடைகளும் அங்கு உள்ளன.

நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் மச்சான் கேட்ட முதல் கேள்வி: "யன்னலத் திறந்து வச்சிக்கிட்டு கைபிடியத் திருப்பிப் பாத்தீங்களா?"

பழுது எங்கே?

இந்த ஒரு கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கைபிடியின் பின்னால் ஒரு சதுரக் கம்பி உண்டு. அது யன்னலின் ஓரத்திலுள்ள கியர் பெட்டிக்குள் போகிறது. கைபிடியைத் திருப்பும்போது கியர் ஒரு நீளமான தகட்டை மேலும் கீழும் நகர்த்த, அதிலுள்ள குமிழ்கள் நிலையிலுள்ள கொக்கிகளில் மாட்டிக் கொள்கின்றன.

யன்னல் திறந்திருக்கும்போது கைபிடி இலகுவாகத் திரும்பி, மூடும்போது மட்டும் இறுகினால் கைபிடியிலும் பூட்டிலும் குறையில்லை. கதவு தாழ்ந்து, குமிழும் கொக்கியும் நேருக்கு நேர் வராமல் இருக்கிறது. பெரும்பாலும் பிணைச்சல் தேய்ந்திருக்கும். 4 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்தால் ஒரு சதுர மீற்றருக்கு 20 கிலோ பாரம். அத்தனையையும் தாங்குவது பிணைச்சல்களே. இதைக் கவனிக்காமல் பலமாகத் திருப்புவதால்தான் கைபிடி உடைகிறது. ஹாஜியாரின் வீட்டில் நடந்ததும் இதுதான்.

திறந்திருக்கும்போதும் இறுகினால், முதலில் பூட்டின் அசையும் பாகங்களுக்குச் சிறிது எண்ணெய் விட்டுப் பாருங்கள். உப்புக் காற்றுப் படும் இடங்களில் இதுவே சில வேளை போதுமானது.

கைபிடி தடையின்றிச் சுழன்றும் குமிழ்கள் அசையாவிட்டால், கைபிடியின் இரண்டு ஸ்க்ரூ ஆணிகளையும் கழற்றுங்கள். சதுரக் கம்பி கைபிடிக்குள்ளேயே ஆடினால் கைபிடியை மாற்ற வேண்டும். கம்பி உறுதியாக இருந்தால் கியர் பெட்டிதான் பழுது. திறப்புப் போடும் பொத்தான் சிக்கி, எண்ணெய்க்கும் அசையாவிட்டால் கைபிடியை மாற்றுவதே சுலபம்.

அளவின்றி விற்காதீர்கள்

தோற்றத்தைப் பார்த்துச் சாமான் கொடுப்பது அடுத்த தவறு. யூபீவீசி யன்னல் கைபிடிகளில் சதுரக் கம்பி பொதுவாக 7 மி.மீ. தடிப்பு, இரண்டு ஆணித் துளைகளின் நடுவிலிருந்து நடு 43 மி.மீ. மாறுபடுவது கம்பியின் நீளமே. கைபிடியின் அடித்தளத்திலிருந்து கம்பியின் நுனி வரை அளக்க வேண்டும். நீளம் குறைந்தால் கியரை நன்கு பிடிக்காது. கூடினால் கைபிடி சட்டத்தில் ஒட்டி உட்காராது.

கியர் பெட்டிக்கு, பூட்டின் முன்தகட்டிலிருந்து சதுரத் துளையின் நடு வரையுள்ள தூரம் முக்கியம். 20 மி.மீ., 22 மி.மீ. இரண்டும் பரவலாக உள்ளன. அந்த 2 மி.மீ. வித்தியாசத்தில் சாமான் பொருந்தாமல் போகும். பிணைச்சலுக்கு நீளத்தோடு அடுக்கின் உயரமும் தேவை. அது பெரும்பாலும் 13 அல்லது 17 மி.மீ. கடலோர வீடுகளுக்கு 304 தரத் துருப்பிடியா உருக்கைக் கொடுங்கள். 316 கிடைத்தால் இன்னும் நல்லது.

மேல்மாடியில் பிணைச்சலைக் கழற்றும்போது கட்டாயம் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் கதவைப் பிடித்துக் கொள்ளாமல் ஓர் ஆணியைக்கூடக் கழற்றக் கூடாது. கீழே வீதியில் ஆட்கள் போகிறார்கள்.

வியாபாரத்துக்கு என்ன இலாபம்?

இப்போது என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கைபிடி கேட்டு வருபவரிடம் முதலில், "யன்னலத் திறந்து வச்சிக்கிட்டுத் திருப்பிப் பாத்தீங்களா?" என்று கேட்போம். பார்க்கவில்லையென்றால், சாமான் கொடுக்காமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வரச் சொல்வோம். அல்லது பையனை அனுப்புவோம். போய்ப் பார்ப்பதற்கான கூலியைப் பில்லில் தனியாகப் போடுகிறோம். மறைக்காமல் எழுதுவதால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

சில நாட்களில் ஒரு கைபிடி விற்கவேண்டிய இடத்தில் ஒரு துளி எண்ணெயோடு வேலை முடிந்து விடுகிறது. அன்றைய வருமானம் குறைவுதான். ஆனால் அந்த வீட்டில் அடுத்த யன்னல் பழுதானால் நம்மைத்தான் கூப்பிடுவார்கள்.

ஹாஜியார் கொண்டு வந்த இரண்டு உடைந்த கைபிடிகளும் இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கின்றன. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல்நாள் அவற்றைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.