கிறிஸ்துமஸ் தீவின் எலிகளும் மருத்துவ ஆவணங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சைனாடவுனின் பகோடா தெரு கூலித் தொழிலாளர் விடுதிகளுக்குப் பெயர்பெற்றிருந்தது. அக்காலச் சீனத் தொழிலாளரைப் பற்றி எழுதுவோர் தோட்டத்தையும் ஈயச் சுரங்கத்தையும் துறைமுகத்தையுமே பெரிதும் நாடுவர். சிங்கப்பூர் வழியாகக் கிறிஸ்துமஸ் தீவுக்குச் சென்றோர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகின்றனர். ஆயினும் அத்தீவின் இயற்கை வரலாற்றில் முதன்மையான செய்தியொன்று அவர்களது நோயைப் பற்றிய தேடலின் ஊடாகவே நமக்குக் கிட்டியுள்ளது.

ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவிலுள்ள இத்தீவின் பரப்பு 135 சதுர கி.மீ. மட்டுமே. பாஸ்பேட் படிவுகளுக்காக 1888இல் பிரித்தானியர் இதனைக் கைக்கொண்டனர். 1900இல் இது சிங்கப்பூர் நிருவாகத்துடன் இணைக்கப்பட்டது. அகழ்வு தொடங்குமுன் 1897–98இல் சார்லஸ் ஆண்ட்ரூஸ் அங்குத் தங்கி ஆய்ந்து, 1900இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். மனிதர் குடியேறுமுன் ஒரு தீவு இருந்த நிலையை இவ்வளவு முழுமையாகப் பதிந்துவைத்த ஆவணங்கள் அரியவை. தீவுக்கே உரிய மக்ளியர் எலி, புல்டாக் எலி ஆகிய இரண்டும் அப்போது ஏராளமாக இருந்தன.

பின்னர்த் தொழிலாளர் வந்தனர். தீட்டிய அரிசியை நம்பி வாழ்ந்த அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் பெரிபெரி நோயால் மாண்டனர். அந்நோயை ஆராய அனுப்பப்பட்டவர் ஹெர்பர்ட் டர்ஹாம் என்னும் மருத்துவர். எலிகளின் குருதியில் டிரிப்பனோசோமா என்னும் ஒட்டுண்ணி இருந்ததைக் கண்டு குறித்தவரும் அவரே. ஆண்ட்ரூஸ் 1908இல் மீண்டும் சென்றபோது தீவுக்குரிய எலி ஒன்றுகூட அகப்படவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவை பகலிலேயே பாதைகளில் தள்ளாடித் திரிந்து மடிந்ததைத் தீவின் மருத்துவ அதிகாரி அவரிடம் கூறினார்.

கப்பலில் வந்த கருப்பெலிகளே இந்நோயைக் கொணர்ந்தன என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. இங்கிலாந்து அருங்காட்சியகங்களிலிருந்த பழைய எலித்தோல்களின் மரபணுவை ஆய்ந்து 2008இல் வெளியான கட்டுரை அதற்கு வலுவான சான்றளித்தது. கருப்பெலிகள் வருமுன் பிடிபட்டவற்றில் ஒட்டுண்ணி இல்லை. பின்னர்ப் பிடிபட்ட சிலவற்றில் இருந்தது. மாதிரியில் கட்டப்பட்ட சீட்டின் தேதி இல்லையேல் இவ்வாய்வே இயலாது. தோலைப் பேணுவதைவிடச் சீட்டைப் பேணுவது முக்கியம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

இத்தகைய ஆவணங்களைத் தேடுவோர் ‘விலங்கியல்’ என்னும் தலைப்போடு நின்றுவிடலாகாது. பெரிபெரி, அரிசி, சுரங்க மருத்துவமனை ஆகியவற்றின்கீழும் தேடவேண்டும். தீவின் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதிய கிப்சன்-ஹில்கூட 1938இல் மருத்துவ அதிகாரியாகவே அங்குச் சென்றார்; அவரது ஆய்வுகள் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் 1947இல் வெளிவந்தன. தீவு 1958இல் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்டமையால், அதன் வரலாற்றை எழுத முனைவோர் இன்று சிங்கப்பூர், இலண்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்றிடத்து ஏடுகளையும் ஒப்புநோக்க வேண்டியுள்ளது.